கோட்டை மலைக்கு முதல் பஸ்

நாளைக்கு நான் போகிறேன். எழுத்து கோணல் கோணலாக வருகிறது, அப்பா புரண்டு படுத்தால்கூட நோட்டை மூடிவிடுகிறேன். ஆனாலும் போகிறேன். எழுதி வைத்துவிட்டால் அப்புறம் மாற்ற மனசு வராது என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

மணி பதினொன்று தாண்டியிருக்கும். தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக விழுகிற இடத்தில் உட்கார்ந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலை ஐந்தேகாலுக்கு முதல் பஸ். ஆரணியில் ஏறிக் கண்ணமங்கலத்தில் இறங்க வேண்டும். அங்கே படவேடு பஸ். ஏழரை மணிக்குத் தமிழ்ச்செல்வி படவேடு பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். நான் வராவிட்டால் எட்டரை வரை நிற்பாள். ஒன்பதரை வரையும் நிற்பாள், அவளை எனக்குத் தெரியும். அவள் வீட்டில் போன் இல்லை, எங்கள் வீட்டிலும் இல்லை. வர முடியவில்லை என்று சொல்லி அனுப்ப வழியே கிடையாது.

இது ஆரம்பித்தது வரலாற்று வகுப்பில். இந்த வருஷம் சுதந்திரப் பொன்விழா. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பக்கத்தில் இருக்கிற பழைய இடம் ஒன்றைப் பற்றி சார்ட் போட வேண்டும், ஆகஸ்ட் பதினைந்துக்கு ஹாலில் மாட்டுவோம் என்றார் கன்னியம்மாள் டீச்சர். பாதிப் பேர் வேலூர்க் கோட்டை என்றார்கள், மீதிப் பேர் செஞ்சி என்றார்கள். இரண்டுக்கும் கடையில் படம் கிடைக்கும். வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து தமிழ்ச்செல்வி எழுந்தாள். படவேட்டுக்குப் பக்கத்துக் காலனிப் பெண். இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், சனி ஞாயிறு வீட்டுக்குப் போவாள்.

"எங்க ஊட்டுக்குப் பின்னாலயே ஒரு கோட்ட கீது டீச்சர். மலை மேல. நான் அத்த எழுதறேன்."

வகுப்பே சிரித்தது. "அவங்க ஊட்டுக்குப் பின்னால கோட்டையாம்டி! அப்ப நீ இன்னா, ராணியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

தமிழ்ச்செல்வி உட்காரவில்லை. "ராணி இல்ல. ஆனா கோட்ட கீது. எங்கப்பா அங்கதான் ஆடு மேய்க்கிறாரு."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "அவ சொல்றது சரிதான். கோட்டை மலைன்னு பேரு. சம்புவராயருங்க காலத்துது. நானே போனதில்ல. நேர்ல போய்ப் பாத்து, அளந்து எழுதினு வந்தா, அதுக்கு முன்னால உங்க ஒட்டுன படமெல்லாம் நிக்காது. ஆனா ஸ்கூல்ல கூட்டினு போக மாட்டாங்க. ஊட்ல கேட்டுக்கினு போறவங்க போலாம். யார் யார் போறீங்க?"

யாரும் கை தூக்கவில்லை. தமிழ்ச்செல்வி நின்றுகொண்டே இருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. குறிப்பாக என்னைப் பார்க்கவில்லை.

அவள் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் ஆடி வெள்ளி லீவுக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயில் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். போகவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அவள் சண்டை போடவில்லை. "எங்கம்மா கோழி அடிச்சு வெச்சிகினு சாயந்தரம் வரிக்கும் ரோட்டயே பாத்துகினு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். "டவுன் புள்ளைங்க அப்பிடித்தான், உட்டுத் தள்ளுன்னேன்."

வெள்ளிக்கிழமை தறி ஓடுகிற நாள். அதனால்தான் போகவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் வீட்டுத் தறியில் நெய்வது உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் வருகிற பட்டுச் சேலை. அதை ஒரு ஆளால் நெய்ய முடியாது. அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து உடம்புக்குக் குறுக்கு நூல் வைத்த நாடாவை வீசுவார். வலது ஓரத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரைக்கு வேறு நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். முன்பு அந்த இடத்தில் என் அண்ணன் ராஜ்குமார் உட்கார்ந்தான். அவன் வேலூருக்குப் பாலிடெக்னிக் படிக்கப் போனதும் அவன் உட்கார்ந்த பலகை எனக்கு வந்தது. ஸ்கூலுக்கு முன் இரண்டு மணி நேரம், ஸ்கூல் விட்டு மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை முழு நாள். நான் எழுந்தால் தறி நின்றுவிடும்.

எங்கள் தெருவில் ஞாயிறு என்று ஒரு விடுமுறை கிடையாது. விடுமுறை என்றால் அமாவாசை. அன்றைக்கு ஒருவரும் தறியைத் தொடமாட்டார்கள். தொட்டால் கோயிலில் கூப்பிட்டு வைத்துக் கேட்பார்கள்.

நான் கை தூக்குவதற்கு முன் மனசுக்குள் பார்த்தது காலண்டரைத்தான். ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது. ஸ்கூலும் இல்லை, தறியும் இல்லை. கையைத் தூக்கிவிட்டேன். அக்குளெல்லாம் வேர்த்துவிட்டது.

"நான் போறேன் டீச்சர். அமாவாச அன்னிக்கு."

எனக்குப் பின்னால் தீபா, "ஏய், அப்ப நானும்" என்றாள். தீபாவின் அப்பா தனக்கோடி முதலாளி. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு அவருக்குத்தான் நெய்கிறது. அவளுக்குக் கோட்டையும் தெரியாது, சார்ட்டிலும் அக்கறை இல்லை. "ஊட்ல ஒரே பேஜாரா கீதுடி, எங்கியாவது போனா போதும்" என்றாள்.

அன்று மத்தியானமே மூன்று பேரும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டம் போட்டோம். தமிழ்ச்செல்விக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"நெசமா வர்றியா, இல்ல போன வருசம் மாதிரியா?"

"நெசமா வர்றேன்."

"எங்கப்பா அன்னிக்கு ஆட்ட வேற ஆளுகிட்ட உட்டுட்டு நம்மகூட மேல வரணும். அவரு வழி காட்டாம போனா முள்ளுல மாட்டிப்பீங்க. நீ வரலன்னா அவருக்கு ஒரு நாளு போச்சி."

"வர்றேன்னு சொல்றேன் இல்ல?"

"சத்தியம் பண்ணு."

"கல்வி மேல சத்தியம்" என்று வரலாற்றுப் புத்தகத்தில் கை வைத்தேன். தீபா சிரித்தாள். "புத்தகத்துல எண்ணெய் ஒட்டினு கீது பாரு, சத்தியம் வழுக்கிடப் போவுது."

அதற்குத்தான் தமிழ்ச்செல்வியும் சிரித்தாள். அப்புறம் மளமளவென்று சொல்ல ஆரம்பித்தாள். ரப்பர் செருப்பு போட்டு வரக் கூடாது, பாறையில் வழுக்கும். கையில் கவர் தொங்கவிடக் கூடாது, குரங்கு பிடுங்கும். எட்டு மணிக்கு ஏற ஆரம்பித்தால் பத்தரைக்கு மதில் வரும், அதற்கும் மேலே வேணுகோபாலசாமி கோயில். வெயில் உச்சிக்கு வருவதற்குள் இறங்கிவிட வேண்டும். "மேல ஒரு எடத்துல மதிலு சரிஞ்சி கெடக்குது. அங்க நின்னா கீழ ஏரி, பஸ்ஸு, எங்க ஊடு எல்லாம் தெரியும். எங்க ஊட்டு ஓட்டுமேல எங்கம்மா செவப்பு சீல ஒண்ணு காயப்போட்டு வைக்கும், நான் கண்டுபுடிக்கிறதுக்கு."

"மதில எப்படி அளக்கறது? ஸ்கேலு பத்தாதே" என்றாள் தீபா.

அது என் வேலை என்றேன். அன்று இரவே பருத்திக் கயிறு ஒன்றை எடுத்து, என் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம் வைத்து, முழத்துக்கு ஒரு முடிச்சாக முப்பது முடிச்சு போட்டேன். எங்கள் வீட்டில் எல்லாமே முழக்கணக்குதான். மீட்டரில் வேண்டுமென்றால் தீபா பெருக்கிக்கொள்ளட்டும்.

கடைசியில் தமிழ்ச்செல்வி சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. எறங்கினதும் எங்க ஊட்ல சாப்புட்டுத்தான் போவணும். இப்பவே சொல்லிடறேன். கட்டுச்சோறு கட்டினு வந்து மரத்தடியில குந்தினு சாப்புடறதுன்னா கோயிலோட போயிடுங்க. மலைக்கு வராதீங்க."

தீபா என்னைப் பார்த்தாள். நான் தமிழ்ச்செல்வியைப் பார்த்தேன்.

"களியா சோறா?" என்றேன்.

"ரெண்டும்."

"கோழி?"

"போன வருசமே அடிச்சாச்சி. இந்த வருசம் கருவாடுதான் உனக்கு."

வீட்டில் அன்று இரவே சொன்னேன். பொய் எதுவும் சேர்க்கவில்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அமாவாச தானே, போயிட்டு வா. பொழுதோட வந்துடணும்" என்றார், அவ்வளவுதான். அம்மாதான் பாத்திரம் கழுவும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு ஊட்லயா சாப்பாடு?"

"ஆமா."

"பாட்டில்ல தண்ணியாவது எடுத்துனு போடி. அங்க வாங்கிக் குடிக்காத."

அம்மா பாட்டிலை நேற்றே கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது. நான் எடுத்துப் போவதாக இல்லை.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, இன்று சாயந்தரம் வரைக்கும்.

ஆறு மணி இருக்கும். நானும் அப்பாவும் தறியில் இருந்தோம். மயில் கழுத்து நிறத்தில் உடம்பு, அரக்குக் கரை. ஆவணிக் கல்யாணம் ஒன்றுக்குப் போகிற சேலை. அப்பா நாடாவைக் கீழே வைத்தார். சேலையை விரலால் முழம் போட்டுப் பார்த்தார். மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"ஒன்னரை முழம் பாக்கி கீது" என்றார். "நாளைக்கு மூணு மணிக்கே எழுந்துக்கணும். கதவ சாத்திகினு மெதுவா நெஞ்சா ராத்திரிக்குள்ள முடிஞ்சிடும்."

எனக்கு முதலில் புரியவில்லை. சமையல்கட்டிலிருந்து அம்மா வெளியே வந்துவிட்டாள்.

"இன்னாங்க இது? அமாவாச நாளும் அதுவுமா?"

"தெரியும்டி. வியாழக்கெழம முதலாளி கேக்கும்போது நாலரை முழம் பாக்கி இருந்துச்சி. வெள்ளி, சனி, ஞாயிறு, மூணு நாளுன்னு எண்ணிட்டேன். ஞாயித்துக்கெழமைன்னுதான் எண்ணினேனே தவிர அமாவாசன்னு தோணவேயில்ல. திங்க காத்தால சேல உங்க கையில கெடைக்கும்னு வாய உட்டுட்டேன்."

"அப்ப போய் மாத்திச் சொல்லிட்டு வாங்க."

"எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது? அமாவாசய மறந்த நெசவாளின்னு கட ஆளுங்கல்லாம் சிரிப்பானுங்க. ஒரு வாட்டி சொன்னா சொன்னதுதான். ஜன்னல்ல சாக்க அடச்சிட்டா சத்தம் வெளிய போவாது."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு நான் படவேடு போறேன்பா. நீதான போன்னு சொன்ன."

"இப்ப வேணான்றேன்."

"தமிழ்ச்செல்வி பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பா."

"நின்னா நிக்கட்டும். இன்னொரு நாளு போய்க்க."

இன்னொரு நாள் என்று ஒன்று எங்கே இருக்கிறது? அடுத்த அமாவாசைக்குள் ஆகஸ்ட் பதினைந்து போய்விடும். அதைக்கூட நான் நினைக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் அம்மாவைத்தான் நினைத்தேன். நான் அவர்களைப் பார்த்ததுகூட இல்லை.

பலகையை விட்டு எழுந்தேன்.

"அமாவாசைக்கு நான் தறியில உக்கார மாட்டேன்."

"இன்னா சொன்ன?"

"உக்கார மாட்டேன். உடம்பும் கரையும் நீ ஒரே ஆளா நெய்ய முடிஞ்சா நெஞ்சிக்க."

அப்பா என்னை அடித்ததில்லை. ஆனால் குழியிலிருந்து அவர் எழுந்த வேகத்தைப் பார்த்து அம்மா குறுக்கே வந்துவிட்டாள். "கொழுப்பாடி? ரெண்டு எழுத்து படிச்சிட்டா ஆச்சா?" என்று கத்தினார். கரைக்கு இருந்த நாடாவை எடுத்து என் பலகைமேல் டப்பென்று வைத்தார். "நீ உக்காருவ. நாளைக்கு மூணு மணிக்கு இங்க உக்காருவ."

"தெரு பூரா சும்மா கெடக்கும்போது நம்மூட்டுத் தறி மட்டும் கேட்டா, சாக்க அடச்சா மறஞ்சிடுமாப்பா? யாருக்கும் தெரியாதுன்னு நீ நெனச்சிகினு கீற."

இதைச் சொல்லிவிட்டு நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் தோற்றிருப்பேன். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தேன். கால் தானாகத் தீபா வீட்டுக்குத்தான் போனது. போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். நாளைக்கு ஓடாது என்பதால் எல்லோரும் வேக வேகமாக நெய்துகொண்டிருந்தார்கள்.

தனக்கோடி முதலாளி ஹாலில் பாய் விரித்து, சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குள் நான் தீபாவோடு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லை.

"இன்னாம்மா, முருகேசன் பொண்ணு ஸ்வர்ணலதா தானே நீ? தீபா உள்ள கீறா, போ."

"உங்களப் பாக்கத்தான் மாமா வந்தேன். சேல திங்கக்கெழம வராது. செவ்வாக்கெழமதான்."

கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "முருகேசன் சொல்லி அனுப்பிச்சானா?"

"இல்ல மாமா. நானே வந்தேன்."

"நீயேவா?"

"நாளைக்கு அமாவாச. அப்பா நாள் எண்ணும்போது மறந்துட்டாரு. இப்ப கதவ சாத்திகினு நெய்யலாம்ன்றாரு. நான் உக்கார மாட்டேன்னுட்டேன்."

மடித்துக்கொண்டிருந்த சேலை அவர் கையில் அப்படியே நின்றது. "கல்யாணச் சேலய அமாவாசையிலயா? பார்ட்டிக்குத் தெரிஞ்சா மூஞ்சில விட்டெறிவாங்க. நான் எப்பம்மா அமாவாசையில நெய்யச் சொன்னேன்? அவன்தான் திங்கக்கெழமன்னான்." சேலையைக் கீழே வைத்தார். "சரி, நீ உக்கார மாட்டேன்றது சாமிக்குப் பயந்தா, இல்ல வேற எதுனா கீதா?"

அறைக் கதவுப் பக்கம் தீபா வந்து நின்றிருந்தாள். ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறோம், என் அம்மாவும் கூட வருகிறாள் என்று அவள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

சாமிக்குப் பயந்துதான் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு செய்யப் பார்ப்பதைச் சொல்லிவிட்டு, நானும் ஒன்றைச் சாத்தி வைப்பதா என்று இருந்தது.

"நாளைக்கு எனக்கு லீவு மாமா. கோட்டை மலைக்குப் போறோம். ஸ்கூல்ல சார்ட் போட. நானும் தீபாவும். தமிழ்ச்செல்வின்னு எங்க கிளாஸ் பொண்ணு, அவங்கப்பா வழி காட்டறாரு."

தீபா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்தில் அவள் அப்பா திரும்பினார்.

"கோயிலுன்னு சொன்ன?"

"கோயிலும் அங்கதான்பா கீது" என்றாள் தீபா. "மலை மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "பார்ட்டி புதன்கெழமதான் வர்றாங்க. செவ்வா சாயந்தரம் குடுத்தா போதும். ஆனா ஒண்ணு, அத்த முருகேசன் வந்து எங்கிட்ட சொல்லணும். வாக்குக் குடுத்தவன் அவன். பொண்ணு வந்து நாள் மாத்தறதெல்லாம் யாவாரத்துல கெடையாது. இன்னிக்கு ராத்திரிக்குள்ள வரச் சொல்லு. வரலன்னா திங்க காத்தால சேல இங்க இருக்கணும், எப்ப நெய்யறீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

வாசலில் தீபா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். "பாவி! நீ மாட்டிக்கினது போதாதுன்னு என்னயும் இழுத்து உட்டுட்டியே. இப்ப உள்ள போனா எனக்குப் பூச நடக்கும்."

"நீ வரலன்னாலும் நான் போவேன்டி."

"உன்ன எவ நம்புவா? தனியா கண்ணமங்கலத்துல பஸ்ஸு மாறத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. கேட்டுக்குவேன்."

அவள் தன் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நாலே முக்காலுக்கு எங்க ஊட்டு ஜன்னல தட்டு. தொறந்தா வர்றேன். தொறக்கலன்னா என்னப் பூட்டி வெச்சிட்டாங்கன்னு அர்த்தம். நீ போயிகினே இரு."

வீட்டுக்குத் திரும்பி வந்ததுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. அப்பா தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போனது, கேட்டது, அவர் சொன்னது, எதையும் விடவில்லை.

"என் மானத்த வாங்கிட்டு வந்துட்ட" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"அமாவாசயில நெஞ்சா மட்டும் மானம் இருக்குமா?" என்றேன். "நீ போய் ஒரு வார்த்த சொன்னா செவ்வாக்கெழம ஆயிடும். நீ போனாலும் போகாட்டியும் நான் நாளைக்குப் போறேன். போன வருசம் நீ கூப்ட்டன்னு உக்காந்தேன். அவங்கம்மா எனக்காக ரோட்டப் பாத்துகினு இருந்துது. இந்த வாட்டி உக்கார மாட்டேன்."

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அப்பா தட்டில் கை கழுவினார். எழுந்து வெளியே போனார். ஆணியில் அவர் சட்டை அப்படியே தொங்கியது.

"சட்டையே போடலடி" என்றாள் அம்மா. "முதலாளி ஊட்டுக்குன்னா சட்ட போடாம போவாரா? டீக்கடையில போய் உக்காந்திருப்பாரு. எதுக்குடி இப்பிடி எரிஞ்சி உழுந்த? கம்முனு இருந்திருந்தா நானே நைசா பேசியிருப்பேன்ல?"

"போன வருசமும் நைசாதானே பேசின?"

"ராஜ்குமாரு போளூருக்கு மேச்சு ஆடப் போறப்ப இத்தன பேச்சு இல்ல" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். எனக்கா, அடுப்புக்கா என்று தெரியவில்லை.

பத்து மணிக்குமேல் அப்பா வந்தார். யாரோடும் பேசவில்லை. தறிக்குப் பக்கத்தில் எப்போதும் படுக்கிற இடத்தில் படுத்தார். நான் ஒரு காரியத்துக்காகக் காத்திருந்தேன். தறியின் நீளவாட்டு நூல்தான் பாவு. அதை இழுத்துப் பிடித்திருக்கிற கயிறு அறையைச் சுற்றி வந்து, குழிக்குப் பக்கத்தில் ஒரு முளையில் கட்டியிருக்கும். ஒவ்வொரு அமாவாசைக்கும் முந்தின ராத்திரி அப்பா அந்தக் கயிற்றை அவிழ்த்துப் பாவை நன்றாகத் தளர்த்துவார். நெய்த சேலைமேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்துவார். ஒரு நாள் பட்டு ஓய்வெடுக்கட்டும் என்பார். எனக்கு நினைவு தெரிந்து ஒரு அமாவாசைகூட அவர் அதைத் தவறவிட்டதில்லை. நானோ அம்மாவோ அந்தக் கயிற்றைத் தொட்டதும் இல்லை.

இன்றைக்கு அவர் தொடவில்லை. கயிறு இறுகிக் கிடக்கிறது. கரைக்கான நாடா என் பலகைமேல் அவர் வைத்தபடியே இருக்கிறது. அப்படியென்றால் மூன்று மணிக்கு என்னை எழுப்புவார்.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். மூன்று மணிக்கு என்ன செய்வேன் என்று யோசித்தேன். பின்பக்கமாக ஓடலாம். அழலாம். காய்ச்சல் என்று படுக்கலாம். எல்லாமே திருட்டுத்தனமாக இருந்தது. ஓடிப் போய்ப் பார்க்கிற கோட்டை எனக்கு வேண்டாம். இந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

அதனால் ஒன்று செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

எழுந்து தறிக்குப் போனேன். இருட்டில் குழி எங்கே இருக்கிறது என்று என் காலுக்குத் தெரியும். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முளையைத் தடவிப் பிடித்துக் கயிற்றை அவிழ்த்தேன். இறுகியிருந்த பாவு மொத்தமும் என் கையை இழுத்தது. இத்தனை பலமாக இழுக்கும் என்று நான் நினைக்கவில்லை, உள்ளங்கை எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக விட்டேன். பாவு தொய்ந்து இறங்கியது. பரணிலிருந்து பழைய வேட்டியை எடுத்து, மயில் கழுத்து நிறத்தின்மேல் போர்த்தினேன். என் பலகைமேல் இருந்த நாடாவை எடுத்து மாடத்தில் வைத்தேன். பிறகு கயிற்றை முளையில் சுற்றி முடிச்சு போட்டேன். அளவுக்கயிற்றில் முப்பது போட்டேனே, அந்த முடிச்சுதான் எனக்குத் தெரியும்.

"அந்த முடிச்சு வேணாம்."

அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"அப்பிடிப் போட்டா திங்கக்கெழம அவுக்க வராது. ரெண்டு சுத்து சுத்தி, சும்மா ஒரு சுருக்கு போட்டு உடு."

சுருக்கு போட்டேன். இரண்டு தடவை நழுவியது. அவர் எழுந்து வந்து உதவவில்லை. மூன்றாவது தடவை நின்றது.

"போனியாப்பா?"

"போனேன்."

"சட்ட இல்லாமயா?"

"பாதி தெரு போனப்புறந்தான் நெனப்பு வந்துச்சி. திரும்பி வந்தா மறுபடியும் போவ மனசு வராதுன்னு அப்பிடியே போயிட்டேன். வந்த கோவத்துல கயித்தக்கூட அவுக்காம படுத்துட்டேன்." பாயில் மறுபடியும் படுத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "நீ செஞ்சது சரின்னு நான் சொல்லல. அந்த ஆளு முன்னால போய் நின்னுட்ட இல்ல? மறக்க மாட்டேன். நாளைக்கு உன் வழிய நீயே பாத்துக்க. நான் எழுப்ப மாட்டேன்."

திரும்பி வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டேன்.

பைக்குள் அளவுக்கயிறு, நோட்டு, பென்சில், மாற்றுத் துணி ஒன்று. பாட்டில் அலமாரியிலேயே கவிழ்ந்து கிடக்கிறது. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. கண்ணமங்கலத்தில் எந்தப் பக்கம் நின்று பஸ் ஏறுவது என்று தெரியாது. தீபா வீட்டு ஜன்னல் திறக்குமா தெரியாது. சரிந்த மதில் பக்கம் நின்று கீழே பார்த்தால் தலை சுற்றுமோ என்னவோ. செவ்வாய்க்கிழமை வரை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எப்படி நெய்யப் போகிறேன் என்பதும் தெரியாது.

அவர் எழுப்ப வேண்டாம். தூங்கினால்தானே எழுப்ப வேண்டும்.